கழற்றி வைத்த பிறகும்

கழற்றி வைத்து ஐந்து நாளாகியும் அந்த வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

கிளினிக் மேஜையின் மூன்றாவது இழுப்பறையின் பூட்டைத் திறந்து இழுத்தபோதே சின்ன டாக்டருக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. பஞ்சு உருளைகளுக்கும் தேதி முடிந்த மரப்பு ஊசி மருந்துகளுக்கும் நடுவில், கிராம்புத் தைல வாசனையில் ஊறிப்போய், கண்ணாடியில் ஒரு பொட்டுத் தூசியில்லாமல், விநாடி முள் வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டிருந்தது. கையில் எடுத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் கழற்றி நீட்டினாற்போல.

அவனுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அதற்கு பாட்டரி கிடையாது. சாவி கொடுக்கும் வேலையும் இல்லை. கட்டியிருப்பவரின் கையசைவுதான் அதற்குச் சோறு. கழற்றிப் போட்டால் இரண்டே நாளில் பட்டினி கிடந்து நின்றுவிட வேண்டும். ஊருக்குப் போன இடத்தில் அண்ணியும் கூடவே இருந்ததால் இங்கேயே பூட்டிவிட்டுப் போயிருந்தான். நிற்காமல் ஓடியது போதாதென்று, சுவர்க் கடிகாரத்தைவிடப் பதினோரு நிமிஷம் முந்தியும் ஓடியது.

"இதுக்கா ஏழு வாரம் சர்வீஸ் பண்ணானுங்க!" என்று பல்லைக் கடித்தான். பல் டாக்டர் பல்லைக் கடிக்கக் கூடாது என்று நோயாளிகளுக்குச் சொல்கிறவன்தான்.

சர்வீஸ் செய்த ஷோரூமில் வழக்கமான உபசாரம். மெத்தை நாற்காலி. கையலம்பும் கிண்ணம் அளவுக்குக் காப்பி. உதட்டில் மட்டும் சிரிக்கும் கவுன்ட்டர் பெண். இந்தப் பகட்டுக்குப் பின்னால், ஒரு ஸ்க்ரூவை ஒழுங்காகத் திருகத் தெரிந்த ஒருவன் கிடையாது என்பது அவனுடைய தீர்மானமான கருத்து. நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டபடி ரிப்பேர்காரர் உள்ளிருந்து வந்து, அவன் புகார் சொல்லி மணிக்கட்டிலிருந்து கழற்றிக் கொடுத்த வாட்சை வாங்கினார்.

"நிக்காத வாட்சுக்குக் கம்ப்ளெய்ன்ட் குடுக்கிற முதல் ஆள் நீங்கதான் சார்."

"ஜோக்கா? நான் புடுங்கின பல்லு மறுநாள் முளைச்சு வந்தா, நீ இப்படித்தான் சிரிப்பியா?"

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "சர்வீசுக்கு வந்தப்பவே மூணு தடவை திருத்திட்டேன் சார். ராத்திரி சரியா வைக்கிறேன். காலைல பதினோரு நிமிஷம். பத்தாகாது, பன்னெண்டாகாது. கெட்டுப்போன வாட்ச் இவ்வளவு ஒழுங்கா கெட்டுப்போகாது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வேலை தெரியலேன்னு சொல்லிட்டுப் போயேன்."

ரிப்பேர்காரர் வாட்சை ஒரு சின்னப் பெட்டியின் மேல் வைத்தார். வாட்சின் துடிப்பைக் கேட்டுப் பெரிதாக்கிச் சொல்லும் மெஷின் அது. ஸ்பீக்கரில் டிக்டிக்டிக் என்று ஆலங்கட்டி கொட்டியது. அதன் அடியில், எங்கோ பக்கத்து அறையில் யாரோ தலையணையைத் தட்டுவதுபோல, மெதுவாக, கனமாக, இன்னொன்று. லப்... டப். லப்... டப்.

"கையில கட்டியிருந்தா இது வராது. கழட்டினாதான் வருது. எண்ணிப் பார்த்துட்டேன். நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு."

"முதல்ல உன் மெஷினை சர்வீசுக்குக் குடு" என்று வாட்சைப் பிடுங்கிக்கொண்டான்.

"சார், ஒரு நிமிஷம். கழட்டினதும் உங்க கை என்ன சார் இப்படி நீலமா..."

சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டான். முட்டாள் பயல். ஏசியை அந்த அளவு வைத்தால் எவன் கைதான் நீலமாகாது?

ஆனால் அன்று சாயங்காலம், வேலைக்காக வாட்சைக் கழற்றிவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டு, கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்த்தபோது, நாற்காலியில் சாய்ந்திருந்த பள்ளிக்கூட வாத்தியார் துள்ளி எழுந்தார்.

"என்ன சின்ன டாக்டர், கையா ஐஸ்கட்டியா? உறைக்கு மேலயே ஜில்லுங்குது! பெரிய டாக்டர் கை எவ்வளவு இதமா இருக்கும்..."

பெரிய டாக்டர். அண்ணன் செத்து நாலு மாதமாகியும் அந்த ஆள் போகவில்லை. வாசல் போர்டில் இருந்தார். வாய் திறக்கும் ஒவ்வொருவனின் வாயிலும் இருந்தார். முப்பது வருஷம் ஒரே கிளினிக்கில் 'சின்ன'வாகவே இருப்பது எப்படிப்பட்ட சொத்தைப் பல் என்று இவர்களுக்கு எங்கே தெரியும்?

அண்ணன் விழுந்ததும் இதே நாற்காலியில்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இடது கை கைப்பிடிக்கு வெளியே தொங்க, வலது கையால் டெலிபோனைக் காட்டினார். தம்பி டெலிபோன் பக்கம் போகவில்லை. அண்ணன் மணிக்கட்டில் இருந்த வாட்சையே பார்த்துக்கொண்டு நின்றான். சரியாகப் பதினோரு நிமிஷம். பிறகு கொக்கியை நெம்பிக் கழற்றி ஜேபியில் போட்டுக்கொண்டு ஆம்புலன்சுக்குப் பேசினான். கழற்றும்போது விரலடியில் நாடி இருந்தது. மெலிசாக. ஆனால் இருந்தது.

'நான் வந்து பார்க்கும்போதே முடிஞ்சு போச்சு' என்று எல்லோரிடமும் அழுதான். வாட்சை ஆஸ்பத்திரியில் எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான் என்றான். அண்ணனுக்கு அண்ணி பரிசாகக் கொடுத்த வாட்ச் அது. அதனால்தான் சர்வீஸ்: கீறல்களை வழித்து, கண்ணாடியை மாற்றி, அண்ணனின் பருத்த மணிக்கட்டுக்கான சங்கிலியில் இரண்டு கண்ணிகளை எடுத்துவிட்டுத் தனதாக்கிக்கொள்ள. அது அண்ணி கண்ணில் பட்டால் கேள்வி வாட்சோடு நிற்காது.

வாத்தியார் போன கையோடு டெலிபோன் அடித்தது. அண்ணிதான்.

"தம்பி, ஏழு மணிக்கு வரேன். அவர் அலமாரியைக் காலி பண்ணிடலாம். சாவி என்கிட்ட இருக்கு, நீங்க காத்திருக்க வேண்டாம்."

"இருக்கேன் அண்ணி."

"அந்த வாட்ச்... ஆஸ்பத்திரியில மறுபடி கேட்டீங்களா?"

"விடுங்க அண்ணி. போனது போனதுதான்."

"நீங்க பார்க்கும்போது அவர் கையில இருந்துச்சா?"

"கவனிக்கலை அண்ணி" என்று வைத்துவிட்டான். மக்கு மனுஷி. ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாலு மாதமாகத் தொங்குகிறாள்!

மணி ஆறு ஐம்பது. உதவிப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பினான். அலம்பித் துடைத்த ஆயுதங்களோடு வாட்சையும் தட்டில்தான் வைத்திருந்தான். அதை எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டால் முடிந்தது.

தட்டில் வாட்ச் இல்லை.

குழாயில் சொட்டுச் சொட்டாக நீர் விழும் சத்தம். ஆயுதங்களை வேகவைக்கும் பெட்டி சூடாறி முனகும் சத்தம். தலைக்கு மேல் வட்ட விளக்கின் மெல்லிய ரீங்காரம். இவற்றுக்கெல்லாம் அடியில், தலையணையைத் தட்டுவதுபோல அது.

லப்... டப்.

திரும்பினான்.

நோயாளி நாற்காலியின் இடது கைப்பிடிக்கு வெளியே வாட்ச் தொங்கிக்கொண்டிருந்தது. எதிலும் மாட்டாமல். கொக்கி பூட்டியிருந்தது. சங்கிலி சரிந்து மடங்கவில்லை. வட்டமாக, விறைப்பாக, உள்ளே ஒரு மணிக்கட்டு இருப்பதுபோல நின்றது. பருத்த மணிக்கட்டு. எடுத்துப் போட்ட இரண்டு கண்ணிகளும் இருந்த இடத்தில் இருந்தன.

சங்கிலி லேசாக உப்பியது. சுருங்கியது. உப்பியது.

பழக்க தோஷம், எண்ணினான். எழுபத்திரண்டு. அறுபது. ஐம்பது. அன்றைக்குக் குறைந்தது போலவே குறைந்துகொண்டு வந்தது. டெலிபோன் அவன் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எடுக்கலாம். யாரையாவது கூப்பிடலாம். கை நகரவில்லை. அன்றும் நகரவில்லை; ஆனால் அன்று அவனாகத்தான் நகர்த்தவில்லை. இன்று நகர்த்தப் பார்த்தும் நகரவில்லை.

சுவர்க் கடிகாரம் டிக்கென்றது. ஒரு நிமிஷம். இரண்டு.

நாலு.

குளிர் இடது கை வழியாகத் தோளுக்கு ஏறியது.

எட்டு. ஒன்பது.

வாசல் பூட்டில் சாவி திரும்பியது.

அண்ணி வந்தாள். கையில் காலி அட்டைப் பெட்டி. அவனைப் பார்க்கவில்லை. விளக்கு வட்டத்துக்கு வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள். திடுக்கிடவில்லை; அலறவுமில்லை. வட்ட ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொங்கிக்கொண்டிருந்த அதை இரண்டு கையாலும், நோயாளியின் கையை எடுப்பதுபோல, எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க... எவ்வளவு நேரமா இப்படிக் கிடக்கீங்க?"

குனிந்து காதை வைத்தாள்.

அவன் தன் இடது மணிக்கட்டில் வலது விரல்களை வைத்தான். எப்படியோ இப்போது கை நகர்ந்தது. ஒன்றுமில்லை. அழுத்தினான். ஒன்றுமில்லை. வலது கையில் தேடினான். கழுத்தில், தாடைக்குக் கீழே, எந்த மாணவனும் தவறவிடாத இடத்தில்.

ஒன்றுமில்லை.

அண்ணி தலையாட்டிக்கொண்டிருந்தாள். திக்கித் திக்கிப் பேசுகிறவர் சொல்லி முடிக்கட்டும் என்று பொறுமையாகக் கேட்பவளைப் போல. அவள் மடியில் சங்கிலி உப்பியது, சுருங்கியது. ஐம்பது. அறுபது. இப்போது ஏறியது. எழுபத்திரண்டு. சீராக.

மெல்லத் தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"தம்பி... பதினோரு நிமிஷமா?"

அவன் விரல்கள் இன்னும் கழுத்தில் தேடிக்கொண்டிருந்தன.