சாய்வுமானி காட்டிய இடம்

சாய்வுமானிக்குள் தலையை நீட்டும்போது, தம்பி சுடலைக்கண்ணுவையும் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார் பேச்சிமுத்து. தன் பெருமையை அவனும் பார்க்கட்டும்.

ஊரில் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. மூளையின் ஒவ்வோர் அணுவும் முன்பே அமைந்த தடத்தில்தான் ஓடுகிறது என்று தடக்கணிப்பான் என்ற கருவி நிறுவிய பிறகு, யார் காலை மிதித்தாலும் "தடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நன்றிக்கும் அதே பதில்தான். அதுதான் பேச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. தம்பிக்குக் கிட்னி கொடுத்தவர் அவர். அதுவும் தடமா?

அப்போதுதான் இயற்கையையும் அண்டத்தையும் பாடும் பழைய லத்தீன் கவிதை ஒன்று ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. வெற்றிடத்தில் நேராக விழும் அணுக்கள், இன்ன இடம், இன்ன நேரம் என்றில்லாமல் இம்மியளவு சாயும். உயிர்களின் சொந்த விருப்பம் பிறப்பது அந்தச் சாய்வில்தான் என்றது அது. தேடினார்கள், சாய்வு உண்மையிலேயே இருந்தது. நினைவுகளில் அதைத் துழாவும் கருவிதான் சாய்வுமானி.

திரையில் ஆஸ்பத்திரிக் காட்சி ஓடியது. அதன் கீழே ஓடிய கோடு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

"கிட்னி குடுத்தது தடம்தான் அண்ணாச்சி," என்றாள் கருவியை இயக்கிய ரெஜினா. "உங்க அம்மா அழுத அன்னைக்கே முடிவாயிட்டு."

"நல்லாப் பாரும்மா. எங்கயாவது சாஞ்சிருக்கும்."

"இருக்கு. ஒரே ஒரு இடம்."

கல்யாணப் பந்தி. சுடலைக்கண்ணு இன்னொரு தடவை பாயசம் கேட்கிறான். எதிர் வரிசையிலிருந்து பேச்சிமுத்துவின் குரல்: "நல்லா ஊத்துங்கடே! குடிக்கது அவன், வடிகட்டுறது என் கிட்னில்லா!" பந்தியே சிரிக்கிறது. தம்பி பாதி இலையில் எழுந்து போகிறான். அதைச் சொல்வதற்குச் சற்று முன் கோடு வளைந்திருந்தது.

"சொல்லாமலும் இருந்திருக்கலாம். நீங்களாத்தான் சொல்லியிருக்கீங்க."

"மிஷின்ல கோளாறு இருக்கும்."

"சாய்வு நல்லதுக்கு மட்டும்தான் வரும்னு அந்தக் கவிதையில எழுதலையே அண்ணாச்சி."

பேச்சிமுத்துவுக்குக் காதுமடல் எரிந்தது. தம்பி பக்கம் திரும்பப் பயந்து திரையையே பார்த்தார். அங்கே அவர் வாய் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

சுடலைக்கண்ணு கோபப்படவில்லை. "கிட்னி குடுத்தது நீ இல்லைன்னு ஆயிட்டு," என்றான் மெதுவாக. "பந்தியில பேசினது மட்டும் நீதான். அப்படித்தான அண்ணே?"

பேச்சிமுத்து விறுவிறுவென்று வெளியே வந்தார். தங்கள் சாய்வைப் பார்க்கப் பட்டும் சந்தனமுமாய் வரிசையில் காத்திருந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன வே, எங்க சாஞ்சீரு?"

பேச்சிமுத்து தரையைப் பார்த்தபடி, "பந்தியில," என்றார்.

"அன்னதானமா!" கேட்டவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார் பேச்சிமுத்து. சொல்லவில்லை. பின்னால் வந்த தம்பி அதையும் பார்த்துக்கொண்டு நின்றான்.