முந்நூறு கணக்கு, ஒரே நம்பர்

நாற்பத்தேழு லட்சத்து முப்பதாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு.

சோபா கடைக்காரர் வங்கிக்குத் தர வேண்டிய பாக்கி அது.

காலையில் அவர் தன் குடோனில், பாலிதீன் பிரிக்காத புது சோபா மேல், கழுத்து நெரிபட்டுக் கிடந்தார்!

வங்கி திறந்ததும் இன்ஸ்பெக்டர் மேனேஜர் அறையில் இருந்தார்.

மேஜை மேல் புதுத் திரை. தலைமை அலுவலகம் வைத்துவிட்டுப் போனது. எல்லாக் கணக்கையும் அலசி, எங்கே தப்பு என்று தானே சொல்லுமாம். மேனேஜர் அதைத் துண்டு போட்டு மூடியிருந்தார்.

"ஏன் சார் மூடி வச்சிருக்கீங்க?"

"தூசி..."

"பயமா?"

"ரெண்டும்தான்."

இன்ஸ்பெக்டர் துண்டை உருவினார்.

சிவப்பு!

"முந்நூறு கடன் கணக்கு. எல்லாத்துக்கும் ஒரே போன் நம்பர். செத்தவர் கணக்கும் அதுல ஒண்ணு. யார் நம்பர் இது?"

மேனேஜர் திரையருகே குனிந்து பார்த்தார்.

"எ... என்னுது."

"பினாமி கடன். விஷயம் தெரிஞ்ச ஆளை முடிச்சாச்சு. கிளம்புங்க!"

சாவைச் சொல்ல வந்திருந்த செத்தவரின் மச்சான், கடனுக்கு ஜாமீன் போட்டவர், கதவைப் பிடித்துக்கொண்டு கதறினார்.

"பாவி! எங்கக்காவை நடுத்தெருவுல நிறுத்திட்டியே!"

கேஷியரம்மா உள்ளே வந்தார்.

"சார்... அந்த நம்பரை நாங்கதான் போட்டோம்."

"என்னம்மா சொல்றீங்க?"

"போன் நம்பர் கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் நகராது சார். வசூலுக்குக் கூப்பிடுவோம்னு பாதிப் பேர் நம்பரே தர்றதில்ல. வரிசையில நிக்கிறவங்க கத்துவாங்க. மேனேஜர் நம்பர்தான் எல்லாருக்கும் மனப்பாடம்..."

"இத்தனை வருஷமாவா?"

"பழைய கம்ப்யூட்டர் ஒண்ணும் கேக்கல சார்."

இன்ஸ்பெக்டர் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"அப்போ அவங்க மெசேஜ் எல்லாம் உங்களுக்குத்தான் வரும்?"

"கொட்டும் சார். விளம்பரம்னு நான் திறக்கறதே இல்ல."

"எடுங்க போனை!"

தள்ளிக்கொண்டே போன விரல் ஓரிடத்தில் நின்றது.

'சோபா கடைக் கணக்கு: கடன்தாரர் மரணம். கடன் காப்பீட்டு மனு பதிவாகிவிட்டது. மனுதாரர்: ஜாமீன்தாரர்.'

"முந்தாநாள் வந்திருக்கு. சோபாக்காரர் செத்தது நேத்து ராத்திரி."

மச்சானின் அழுகை பட்டென்று நின்றது.

"அது எப்படி இங்க வரும்? அத்தான் போனை அதுக்கு முன்னாடியே கிணத்துல போட்டுட்டேனே!"

அறையே அவரைப் பார்த்தது. தான் சொன்னது அவர் காதிலேயே கொஞ்சம் தாமதமாகத்தான் விழுந்தது.

"ஆள் உயிரோட இருக்கும்போதே ஏன்யா மனு போட்டே?"

"கம்ப்யூட்டர் வேலை, லேட்டாகும்னாங்க சார்... ஆள் செத்தா காப்பீடு கடனை அடைச்சிடும். இல்லேன்னா என் வீடு ஏலத்துக்குப் போயிடும்..."

விலங்கு மாட்டப்பட்டது.

மேனேஜர் நாற்காலியில் சரிந்தார். புது சிஸ்டத்தை நம்ப அவருக்கு ஒரு கொலை தேவைப்பட்டிருந்தது.

அடுத்த மாதம் காப்பீட்டுப் பணம் முழுசாக வந்து சேர்ந்தது. சோபா கடைக் கணக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது.

பாக்கி: பூஜ்யம்.

மேனேஜர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் அப்படிப் பாக்கறீங்க?" என்றார் கேஷியரம்மா.

"என் சர்வீஸ்ல இதான்மா முதல் தடவை. நாம கேக்கறதுக்கு முன்னாடியே ஒரு ஜாமீன்தாரர் கடனை அடைச்சிருக்கார்!"