ஒன்றரையில் இறங்குகிறவன்

கிசீ ஊரில் மாலை நாலு மணியானால் மழை வந்துவிடும். யாரும் அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பதினாலு சீட்டு வேன், ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். நிறைகிற வரைக்கும் பராசா ஜன்னலோரம் உட்கார்ந்து கைபேசியில் விமான ஆட்டம் ஆடுவான்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவனுக்கு. நாள் முழுக்க அவன் பேசுவது ஒரே பேச்சுதான்... 'மூச்சை அடக்குங்க', 'விடுங்க'. சொந்த ஊர் வடக்கே எங்கோ இருக்கிறது. இந்த ஊர் பாஷை வராது, பொதுப் பாஷையில் ஒப்பேற்றுவான். வேன் போய்ச் சேரும் ஒயுகிஸில் அவன் பிடித்திருந்த வாடகை அறையில், வந்தாயா என்று கேட்க ஒரு பூனைகூடக் கிடையாது.

"இறங்கிட்டீங்களே... பாருங்க, அது பாட்டுக்கு ஏறிட்டே இருக்கு."

திடுக்கிட்டுத் திரும்பினான். பக்கத்து சீட்டில் ஒரு பெண். மஞ்சள் ஸ்வெட்டர், நெற்றியில் மழைத்துளி, கண்... அந்தக் கண்ணை என்னவென்று சொல்வது. உதடு சிரிப்பதற்கு முன்னாலேயே அது சிரித்து முடித்துவிட்டது.

திரையில் குட்டி விமானம் ஒன்று ஏறும். ஏற ஏற வைத்த காசு பெருகும். எந்த நொடியும் அது பறந்து மறைந்துவிடும், காசும் கூடவே போய்விடும். அதற்குள் பொத்தானை அமுக்கி இறங்கிவிட வேண்டும். நம்ம பராசா ஒன்றரை மடங்கிலேயே இறங்கிவிடுகிற ஆள்.

"ஒன்றரை வந்தா இறங்கிடணும். அது என் சட்டம்."

"நாற்பது மடங்கு போச்சுங்க அது."

"பறந்தப்புறம் எல்லாரும் ஜோசியக்காரங்கதான்."

"அடேங்கப்பா... ஒரு நாளைக்கு எவ்வளவு வைப்பீங்க?"

"அம்பது ஷில்லிங். அஞ்சஞ்சா பத்து ஆட்டம். ஜெயிச்சாலும் தோத்தாலும் பத்தோட போனை உள்ள வெச்சிடுவேன். போனாப் போகட்டும்னு எடுத்து வெச்ச காசு."

"அப்ப பெரிய வீடா கட்டியாச்சு?"

"எங்க... ரெண்டு வருஷத்துல தோத்ததுதான் ஜாஸ்தி."

"பின்ன எதுக்கு இந்தக் கூத்து?"

ஆட்டத்தின் ஓரத்தில் முகம் தெரியாதவர்கள் 'போச்சு', 'தப்பிச்சேன்' என்று எழுதிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாளில் அவனுக்கு வாய்க்கிற கூட்டம் அவ்வளவுதான். முதல் தடவை பார்க்கிற பெண்ணிடம் இதையெல்லாமா சொல்ல முடியும்...

"பொழுது போகணும்ல" என்றான்.

அப்போது கோழியை அணைத்துக்கொண்டு ஒரு பெரியவர் ஏறினார். அவள் சட்டென்று எழுந்து இறங்கிப் போய்விட்டாள். ஏதும் தப்பாகப் பேசிவிட்டோமோ என்று ஒயுகிஸ் வரைக்கும் மண்டையைக் குடைந்துகொண்டான்.

மறுநாளும் அதே சீட்டில் வந்து உட்கார்ந்தாள். பெயர் கெருபோ என்றாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். பொட்டலம் பிரித்து, எண்ணெயில் பொரித்த மண்டாசி கொடுத்தாள். அவன் எக்ஸ்ரே எடுக்கிற கதையைச் சொல்ல வைத்து, "என் நெஞ்சுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிடுமா?" என்று சீண்டினாள். ஆனால் ஒவ்வொரு நாளும் வண்டி கிளம்புகிற நேரத்தில் காணாமல் போனாள். கேட்டால், "வேலை வந்திடுச்சு" என்பாள். பத்து ஆட்டம் ஐந்தானது. ஐந்து ஒன்றானது. பராசாவுக்கே அது தெரியவில்லை.

பத்தாவது நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தான். இறங்கிய கெருபோ நேராகப் பின்னால் நின்ற காலி வண்டியில் ஏறி, வேறொருவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்டக்டர் மொமான்யி அவள் கையில் ஓர் இருபது ஷில்லிங் நாணயத்தை வைத்தான்.

"அந்தப் பொண்ணு எங்க போகுது?" என்று கேட்டான் பராசா.

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "எங்கயும் போகாதுப்பா. வண்டி நிறைஞ்ச மாதிரி காட்ட உக்காருற பொண்ணு அது. காலி வண்டியில யார் ஏறுவா? நிஜ ஆள் வந்ததும் இறங்கிடும்."

ஊருக்கே தெரிந்த சங்கதி, கைபேசியில் தலையைக் கவிழ்த்திருந்த அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியவில்லை. பத்து நாளாக அவனுக்காக என்று நினைத்தது... இருபது ஷில்லிங் கூலிக்கா?

மறுநாள் அவள் வந்து உட்கார்ந்ததுமே கேட்டுவிட்டான். "பேசறதுக்கும் சேர்த்துத்தான் காசா?"

அவள் முகம் அணைந்துபோனது. மழையைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள்.

"உக்காருறதுக்குத்தான் காசு. பேசினதுக்கு யாரும் குடுக்கல."

இறங்கிப் போனவள் அதன் பிறகு அவன் வண்டிப் பக்கமே வரவில்லை.

மூன்று நாள். பராசா கைபேசியைத் தொடவில்லை. கோழிக்காரரும் மூட்டைக்காரரும் மாறி மாறிப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ரெண்டு வருஷமாகப் பழகிய தனிமைதான். இப்போது அது இடிக்கிறது. அவசரப்பட்டு வாயை விட்டேனே... அங்கேயும் ஒன்றரையில் இறங்கிவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

நாலாவது நாள் மொமான்யியைத் தனியாக அழைத்தான். ஆடாத மூன்று நாள் காசு, நூற்றைம்பது ஷில்லிங், சரியாக ஒரு சீட்டுக் கட்டணம், அவன் கையில் வைத்தான்.

"பக்கத்து சீட்டு என்னோடது. அங்க வேற யாரையும் ஏத்தாதீங்க. கெருபோவை மட்டும் வரச் சொல்லுங்க."

"எக்ஸ்ரே டாக்டருக்கு முத்திடுச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டே மொமான்யி போனான்.

அவள் வந்தாள். முறைப்பாகத்தான் உட்கார்ந்தாள். வண்டி நிறைந்தது. வழக்கம்போல எழுந்தாள்.

"இந்த சீட்டுக்குக் காசு குடுத்தாச்சு" என்றான் பராசா. "நீங்க இறங்கணும்னு கட்டாயம் இல்ல."

"யார் குடுத்தா?"

"என் ஆட்டக் காசு. போனாப் போகட்டும்னு வெச்சது... நீங்க இறங்கிப் போனாலும் அந்தக் காசுக்காக வருத்தப்பட மாட்டேன். ஆனா கெருபோ... அன்னிக்கு நான் கேட்டது தப்பு. உங்களைத் தோத்தா தாங்கறதுக்கு என்கிட்ட எந்தச் சட்டமும் இல்ல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

என்ஜின் உறுமியது. "கெருபோ, இறங்குறியா இல்லையா?" என்று கதவில் தொங்கியபடி மொமான்யி கத்தினான்.

அவள் கதவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மெல்ல உட்கார்ந்தாள்.

"நீங்க ஒன்றரையில இறங்கிட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"திரும்பி வர்ற வண்டிக்கு?"

"நானே கூட்டிட்டு வந்து விடறேன்."

வண்டி அசைந்தது. அவள் சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன ஆச்சு?"

ஜன்னலில் பஸ் ஸ்டாண்டும் வாழைத்தார்க் கடைகளும் மழையோடு பின்னால் போய்க்கொண்டிருந்தன. அவள் கண் நிறைந்திருந்தது.

"மூணு வருஷமா இந்த வண்டிகள்ல உக்காருறேன்" என்றாள். "நான் உள்ள இருக்கறப்ப இது நகர்ந்து இன்னிக்குத்தான் பாக்குறேன்."