ஏழாம் வார்டின் தலையணைக்காரி

மதியம் இரண்டு மணிச் சுற்றுக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். வழிகாட்டி அவர்களைப் பழைய காய்ச்சல் ஆஸ்பத்திரியின் ஏழாம் வார்டுக்குள் அழைத்துப் போனாள். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே கல்தரையின் குளிர் செருப்பைத் தாண்டிக் காலில் ஏறியது. துருப்பிடித்த இரும்புக் கட்டில்கள் இரண்டு வரிசையாக நின்றன.

அங்கே அவள் சொல்ல வேண்டிய கதை ஒன்றுதான். நோயாளிகளைத் தலையணையால் அமுக்கிக் கொன்ற ஆயா, 'தலையணைக்காரி', இன்னும் இங்கே உலவுகிறாள்.

அது பொய் என்று போன வாரம்தான் தெரிந்தது. பழைய விசாரணை அறிக்கையைத் தேடிப் பிடித்துப் படித்திருந்தாள். கொள்ளைநோய் முற்றியதும் டாக்டர்கள் வார்டை வெளிப்பக்கம் பூட்டிவிட்டு ஓடிப்போனார்கள். முப்பது நோயாளிகளோடு உள்ளே சிக்கியது ஆயா மட்டும். பதினோரு நாள் கழித்துத் திறந்தபோது நான்கு பேருக்கு உயிர் இருந்தது. தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றியவள் கதவோரம் செத்துக் கிடந்தாள். பழியை அவள் தலையில் போட்டுவிட்டு டாக்டர்கள் தப்பித்துக்கொண்டார்கள்.

இதைச் சொன்னபோது மேலாளர் சிரித்தார். அவர் அவளுடைய அக்காவின் கணவர்.

"நல்லவளைப் பாக்க எவம்மா டிக்கெட் எடுப்பான்? பழைய கதையையே சொல்லு. உங்கக்கா முகத்துக்காகத்தான் உனக்கு இந்த வேலை."

அதனால் இன்றும் தொடங்கினாள்.

"ஒவ்வொரு கட்டிலா வந்து, தலையணையை எடுத்து..."

மருந்து நெடி குப்பென்று மூக்கில் ஏறியது.

கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

கூட்டம் கைதட்டியது. ஏதோ ஏற்பாடு என்று நினைத்துவிட்டார்கள்.

கோடியில் இருந்த கட்டில் கிறீச்சிட்டது. பிறகு அதற்கு முந்தைய கட்டில். பிறகு அடுத்தது. யாரோ ஒவ்வொன்றாகக் கையூன்றிக் குனிந்து பார்த்துக்கொண்டு வருவது போல.

கைதட்டல் நின்றது.

அவள் பிடரியில் சூடான மூச்சு பட்டது.

"பொய்."

நா வறண்ட ஒரு கிசுகிசுப்பு. அதைக் கேட்ட பெண் ஒருத்தி அலறினாள். இரண்டு பேர் ஓடிப்போய்க் கதவை இழுத்தார்கள். அது அசையவில்லை.

"உள்ள என்ன நடக்குது?" வெளியிலிருந்து மேலாளர் கத்தினார். "கதவு நகர மாட்டேங்குதே!"

வழிகாட்டிக்குப் பயத்துக்கும் அடியிலிருந்து ஒரு கோபம் பொங்கி வந்தது. திரும்பினாள். அங்கே யாரும் இல்லை.

"என்னை மிரட்டாத. உன்னைப் பூட்டினது இவங்க இல்ல. இவங்களைப் பூட்டி வச்சா, நீயும் அந்த டாக்டருங்களும் ஒண்ணுதான். உண்மையை நான் சொல்றேன். உனக்குப் பயந்து இல்ல, அது உண்மைங்கறதால."

கட்டில்கள் அடங்கின.

வெளியே நிற்பவருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி, பூட்டிலிருந்து பிணம் வரை முழுவதையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் கதவு மெல்ல விலகியது.

மேலாளர் சட்டை நனைந்து நின்றார். கூட்டம் கலையும்வரை பொறுத்திருந்துவிட்டு வெடித்தார்.

"நாளைக்கு ஒழுங்கா பழைய கதை. இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோ."

"பாத்துக்கறேன் அத்தான். அது இனிமே என் வாயில வராது."

மறுநாள் சுற்றுக்கு அவரே கூட்டத்தை அழைத்துக்கொண்டு போனார். தன் சாமான்களை எடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றாள். அரைமணி கழித்து எல்லோரும் வெளியே வந்தார்கள். மேலாளரை மட்டும் காணோம். ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளிடம் வந்தார். நேற்று நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"அவரு தப்புத் தப்பா சொன்னாரும்மா. நல்லவேளை, பக்கத்துல நின்ன அந்தம்மா ஒவ்வொண்ணா திருத்துனாங்க."

"எந்தம்மா?"

"முப்பது நோயாளிங்க பேரையும் ஒண்ணு விடாம சொன்னாங்களே, அவங்கதான். இன்னும் உள்ளதான் இருக்காங்க. உங்க சாரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக்கிட்டிருக்காங்க."

அறிக்கையில் ஒரு நோயாளியின் பெயர்கூட இல்லை.