நூற்றொன்பதாவது குறிப்பு

காலை ஏழு மணிக்குத் தாரணி இரவுச் சாப்பாட்டை முடித்தாள். இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் பருப்பு. தட்டைக் கழுவி வைத்து, பல் துலக்கி, ஒரு டம்ளர் காப்பியை எடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அந்தக் காப்பி குடிப்பதற்கு இல்லை, தம்பிக்குக் காட்டுவதற்கு.

மெக்சிகோ நாட்டின் குவாதலஹாரா நகரத்தில் அப்போது மாலை ஏழரை. தம்பி திலீபன் திரையில் வந்தான்.

"இப்பத்தான் எந்திரிச்சியாக்கா?"

"ஆமாண்டா, மூஞ்சி கழுவிட்டு இப்பத்தான் காப்பி. நீ வேலை முடிஞ்சு வந்துட்டியா?"

"இப்பத்தான் உள்ள நுழையறேன்."

"தலை ஏன் இப்படிக் கலைஞ்சு கெடக்குது?"

"இங்க ஒரே காத்துக்கா."

அடுத்த வாரம் வரப்போகும் பயணத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசிவிட்டு அவசரமாகத் தொடர்பைத் துண்டித்தாள். ஏழரைக்கு அவளுக்குக் கண் மூடிவிடும். பேச்சு நடுவில் மூடினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பிடரியில், கொண்டைக்குக் கீழே, பொட்டளவில் ஒரு வில்லை ஒட்டியிருந்தது. அதுதான் பொழுதுமாற்றி. உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தை அது நாளுக்கு அரை மணி வீதம் நகர்த்தும். மெக்சிகோவுக்கும் நமக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம், ஆகவே இருபத்து மூன்று நாள். போய்ச் சேரவேண்டிய நேரத்தை எட்டியதும் வில்லை உடம்பைப் பூட்டிவிடும். ஈரல் ஒரு நேரம், குடல் ஒரு நேரம், மூளை ஒரு நேரம் காட்டினால் ஆள் படுத்துவிடுவார் என்பதால் அந்தப் பூட்டை ஒரு மண்டலத்துக்கு, நாற்பத்தெட்டு நாளைக்கு, யாராலும் திறக்க முடியாது. அந்த நாட்களில் உடம்பு பதினொரு மணி நேரத் தூக்கம் கேட்கும். தூக்கம் என்றால் விளக்கை அணைத்த மாதிரி. தவில் அடித்தாலும் எழுப்ப முடியாது.

அதனால் என்ன? வெளிநாட்டில் இறங்கி நாலு நாள் தூங்கி வழிந்த காலம் மலையேறிவிட்டதே! கோபிசெட்டிபாளையத்தில் இன்றைக்குப் பாதித் தெரு ஏதோ ஒரு வெளிநாட்டு நேரத்தில் இருக்கிறது. 'இவ்வீட்டார் டொராண்டோ நேரத்தில்', 'இவ்வீட்டார் சிட்னி நேரத்தில்' என்று வாசலில் தொங்கும் அட்டையைப் பார்த்துத்தான் பால்காரர் மணி அடிப்பார். அட்டை இல்லாத வீட்டைக் கொஞ்சம் இளப்பமாகப் பார்ப்பதும் உண்டு.

அந்த அட்டைகளில் பாதிக்குத் தாரணிதான் காரணம். 'தாரணியின் நூற்றியெட்டுக் குறிப்புகள்' என்றால் நெடுந்தூரப் பயணம் போகிறவர்களுக்கு வேத வாக்கு. நாலு லட்சம் பேர் படிக்கிறார்கள். கடவுச்சீட்டின் நகலை மூன்று இடத்தில் வை. மாத்திரையை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் போடு, பெரிய பெட்டியை நம்பாதே. பெட்டி தொலைந்தாலும் மானம் போகாமலிருக்க ஒரு மாற்றுத்துணி கையோடு இருக்கட்டும். போகும்போதே பெட்டியில் மூன்று கிலோ காலியாக விடு, திரும்பும்போது கை சும்மா இருக்காது. ஊறுகாய் கொண்டுபோகலாமா என்று கேட்காதே, பொடி கொண்டு போ. விமானத்தில் இரண்டு மணிக்கொரு தடவை எழுந்து நட, பக்கத்து சீட்டுக்காரர் முறைத்தாலும் நட. இப்படி நூற்றியெட்டு. எல்லாவற்றுக்கும் சிகரமாக முதல் குறிப்பு: 'போகும் ஊரின் நேரத்துக்கு மாறிவிட்டுப் பிறகு போ.'

நூற்றியெட்டில் ஒன்றில்கூடப் போகும் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேள் என்று இல்லை. கேட்பது அவள் பழக்கம் இல்லை.

இந்தத் தடவை அவள் போவது ஊர் பார்க்க மட்டும் அல்ல. ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் மகள் கல்யாணத்துக்குத் திலீபன் மெக்சிகோவிலிருந்து வந்தான். முந்தின நாள்தான் வந்து இறங்கினான். அப்போது பொழுதுமாற்றி கிடையாது. மணப்பெண் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டவேண்டிய நேரத்தில், ஆயிரம் பேர் கூடியிருக்க, ஆளைக் காணோம். மண்டபத்து அறையில் வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். தாரணி ஒரு சொம்புத் தண்ணீரை முகத்தில் ஊற்றி எழுப்பினாள். "தூங்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தே? அதுக்கு அங்கயே இருந்திருக்கலாமே!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டாள். அவன் ஈரச் சட்டையோடு வந்து பட்டம் கட்டினான். அதற்குப் பிறகு அவன் ஊருக்கு வரவே இல்லை. வாரம் தவறாமல் திரையில் பேசுவான், சிரிப்பான். வா என்றால் பேச்சை மாற்றுவான்.

அந்தச் சொல் அவளை ஆறு வருடமாக அறுத்துக்கொண்டிருந்தது. நேரில் மன்னிப்புக் கேட்கவேண்டும். பத்து நாள்தான் விடுப்பு. அந்தப் பத்து நாளில் ஒரு பகலைக்கூடத் தூங்கித் தொலைக்கக்கூடாது. தம்பி பக்கத்தில் கண்ணை விரித்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் இதை அவனிடம் முன்கூட்டிச் சொல்லமாட்டாள். கொட்டாவிகூட விடாமல் வாசலில் போய் நின்று அவனை அசத்தவேண்டும்.

கணவர் கோகுல் மட்டும் வில்லையைத் தொடவில்லை.

"நமக்கு அதெல்லாம் ஆகாது. தூக்கம் வந்தாத் தூங்கறேன், வரலைன்னா முழிச்சிட்டு இருக்கறேன்."

"நாலு லட்சம் பேரு என்ற பேச்சைக் கேக்கறாங்க. நீங்க ஒருத்தரு கேக்காதீங்க! அங்க போயி என் மானத்தை வாங்கப் போறீங்க, பாருங்க."

"வாங்கிட்டுப் போறேன் போ," என்றார் கோகுல்.

முப்பது மணி நேரப் பயணம். தாரணி தேர்வு எழுதுகிற மாதிரி அதை முடித்தாள். குவாதலஹாராவில் காலை பதினொன்றுக்கு இறங்கும்போது முகத்தில் ஒரு சோர்வு இல்லை. பின்னால் கோகுல் தள்ளுவண்டியிலேயே சாய்ந்து சாய்ந்து விழுந்தார்.

வரவேற்பில் திலீபன் இல்லை. அவன் மனைவி மரிசோல் நின்றிருந்தாள். பிறந்தது அந்த ஊர், பேசுவது கணவனிடம் கற்ற அச்சு அசல் கோபித் தமிழ்.

"வாங்க அண்ணி! வாங்க அண்ணா! பயணமெல்லாம் சௌரியமா?"

"திலீபன் எங்க?"

"ஊட்லதானுங்க இருக்காரு. வாங்க, சொல்றேன்." மரிசோலுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஏதோ பெரிய அதிசயத்தை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று தாரணிக்குத் தோன்றியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மரிசோல் படுக்கையறைக் கதவை மெதுவாகத் திறந்தாள். திரைகள் இழுத்து மூடியிருந்தன. உள்ளே திலீபன், கல்யாண மண்டபத்தில் பார்த்த அதே கோலத்தில், வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"உடம்பு சரியில்லையா?"

"அய்யோ, இல்லீங்க அண்ணி. பொழுதுமாற்றி போட்டிருக்காரு. அக்கா வந்தா அவங்க உடம்பு கோபி நேரத்துலதான் இருக்கும், பகல்ல தூங்குவாங்க, ராத்திரி முழிச்சிருப்பாங்க, நாம தூங்கிட்டா அவங்க தனியா உக்காந்திருப்பாங்களே, இந்தத் தடவை அக்கா முன்னாடி நான் தூங்கமாட்டேன்னு பிடிவாதமா..." மரிசோல் தாரணியின் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள். "ஏனுங்க அண்ணி?"

தாரணி திரும்பிக் கொண்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"கடவுளே!" என்றாள் மரிசோல், அவள் மொழியில் ஒரு தடவை, நம் மொழியில் ஒரு தடவை.

கோகுல் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தபடியே தூங்கிப்போனார்.

தாரணி விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். அவள் விழிப்பது காலை ஏழு, சாய்வது இரவு எட்டு. கோபி நேரத்தில் பூட்டிய திலீபன் விழிப்பது இரவு ஏழரை, சாய்வது காலை எட்டரை. ஆக, சேர்ந்தாற்போல் இரண்டு பேருக்கும் கண் திறந்திருப்பது காலையில் ஒன்றரை மணி, மாலையில் அரை மணி. கோபியிலிருந்து திரையில் பேசியபோதும் அவ்வளவுதான் கிடைத்தது. பூமியின் மறுபக்கம் வரைக்கும் வந்தாயிற்று, நேர வித்தியாசத்தையும் பெட்டியில் கட்டிக் கொண்டுவந்தாயிற்று.

ஏழரைக்குத் திலீபன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தான். தலை அன்றைக்கும் கலைந்துதான் இருந்தது. அக்காவைப் பார்த்தான், பிடரியைப் பார்த்தான்.

"யாருக்கா உன்னை மாத்தச் சொன்னது?"

"உன்னை யாருடா மாத்தச் சொன்னது? ஒரு வார்த்தை சொல்லக்கூடாது?"

"நீ சொன்னியா? காப்பி டம்ளரைக் காட்டி நடிச்சியே!"

"நீ மட்டும்? காத்தாம், காத்து!"

அரை மணி நேரமும் அந்தச் சண்டையிலேயே போனது. நடுவில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்முன் தாரணிக்கு விளக்கு அணைந்தது.

மறுநாள் காலையும் அப்படித்தான். யார் வில்லை துல்லியமாக வேலை செய்தது, யார் ஒரு நாள்கூடப் பிசகாமல் போட்டது என்று அக்காவும் தம்பியும் பெருமை பேசினார்கள். மன்னிப்புக் கேட்க அவள் வாயைத் திறக்கும்போது மணி எட்டரை ஆகியிருந்தது. அவன் தலை மேசையில் சாய்ந்துவிட்டது. அடுத்தடுத்த நாட்களிலும் வேறு ஏதாவது ஒரு பேச்சு முந்திக்கொண்டது.

இதில் வாழ்ந்தவர் கோகுல்தான். ஒழுங்கு இல்லாத அவர் தூக்கம் இரவு ஒரு மணிக்குக் கலையும். அடுப்படியில் திலீபன் தோசை ஊற்றிக்கொண்டிருப்பான். "வாங்க மச்சான்!" இரண்டு பேரும் விடியும்வரை பேசுவார்கள். பகலில் அரைத் தூக்கத்தோடு மனைவி பின்னாலும் சுற்றுவார். ஆறு நாளில் திலீபனைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதி தாரணிக்குத் தெரியவில்லை. அவளுக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது.

ஏழாம் நாள் பட்டாம்பூச்சிக் காடு. கனடாவிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்துவந்து அந்த மலையில் குளிர்காலம் தங்கும் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிகள். வெயில் ஏறிய உச்சிப்பொழுதில்தான் சிறகு விரிக்கும். அக்காவோடு சேர்ந்து பார்க்கவேண்டும் என்று திலீபன் மூன்று வருடமாகச் சொல்லிவந்தான்.

"என்னை வண்டில தூக்கிப் போட்டுக் கூட்டிட்டுப் போங்க," என்றான். "பாக்காட்டியும் பரவால்ல. கூட இருந்தேன்னு இருக்கட்டும்."

எட்டரைக்கு வண்டியிலேயே சாய்ந்தான். மலையடியில் ஒரு நாலுகால் சுமையனை வாடகைக்கு எடுத்தார்கள். அந்த எந்திரம் அவனை முதுகில் ஏற்றிக் கட்டிக்கொண்டு ஆடு மாதிரி மேலே ஏறியது. அவன் தலை இப்படியும் அப்படியும் ஆடியது. எதிரே வந்தவர்கள் எல்லாரும் வழிவிட்டு நின்று பார்த்தார்கள். தாரணி ஒருத்தரையும் சட்டை செய்யாமல் அவன் தலையைப் பிடித்தபடி நடந்தாள்.

மேகம் விலகி வெயில் விழுந்ததும் மரங்களின் கிளைகள் வெடித்தன. இலை என்று நினைத்ததெல்லாம் பறந்தது. வானம் முழுக்க ஆரஞ்சு. லட்சக்கணக்கான சிறகுகள் சேர்ந்து அடிக்கும் சத்தம் தூறல் மாதிரிக் காதில் விழுந்தது. ஒரு பட்டாம்பூச்சி வந்து திலீபன் மூக்கில் உட்கார்ந்தது.

"டேய்!" தன்னை மறந்து அவன் தோளை உலுக்கினாள். "பாருடா! எந்திரிடா திலீபா! எந்திரிடா சாமி!"

உலுக்கினாள், தட்டினாள், காதில் கூப்பிட்டாள். அவன் எழவில்லை. எழமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். நூற்றியெட்டுக் குறிப்பு எழுதியவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் அழுகை வந்துவிட்டது. மண்டபத்தில் ஒரு சொம்புத் தண்ணீருக்கு எழுந்தானே, அந்தத் தூக்கம் எவ்வளவு நல்ல தூக்கம்!

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா," என்றாள் தூங்குகிற முகத்தைப் பார்த்து.

கோகுல் பக்கத்தில் வந்து நின்றார். "நேத்து அதைத்தான் பேசிட்டு இருந்தான். திட்டுனது அவனுக்கு ஞாபகத்துலயே இல்லை. 'அக்கா எழுப்பலைன்னா நான் பட்டம் கட்டாமயே போயிருப்பேன் மச்சான். பொறவு என்ன மூஞ்சியோட ஊருக்கு வர்றது'ங்கறான். தூங்கிட்டமேன்னு வெக்கத்துலதான் இத்தனை வருசம் வரலையாம்."

தாரணி மூக்கை உறிஞ்சினாள். "இதை ஏங்க மொதல்லயே சொல்லலை?"

"எங்க சொல்றது? அவன் முழிச்சிருந்தா நீ தூங்கறே. நீ முழிச்சிருந்தா நான் தூங்கறேன்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் வேலையாகத் தம்பியின் கையைப் பிடித்து, சொல்லவேண்டியதைச் சொன்னாள். இரண்டே நிமிடம்தான் ஆனது. மீதி நேரத்தில் அவனை மடியில் படுக்க வைத்து அந்தக் காட்டைப் பற்றி ஒன்றுவிடாமல் கதை சொன்னாள். எட்டரைக்கு மடியிலேயே தூங்கினான்.

கோபி திரும்பியதும் நாலு லட்சம் பேருக்கும் நூற்றொன்பதாவது குறிப்பை எழுதினாள்: 'சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் எந்த வில்லையும் வேண்டாம். தூக்கம் வந்தால் வெட்கப்படாமல் தூங்குங்கள். எழுப்ப ஆள் இருக்கும் வீட்டுக்குத்தானே போகிறீர்கள்.'

முதல் வாசகி உடனே கேட்டாள்: 'அக்கா, இதுக்குப் பொழுதுமாற்றியில எந்தப் பொத்தானை அமுக்கணும்?'

அடுத்த தை மாதம் திலீபன் வந்தான். பிடரி வெறுமையாக இருந்தது. மத்தியான விருந்தில் பந்தி நிறையச் சொந்தக்காரர்கள், ஒவ்வொருவர் பிடரியிலும் ஒரு வில்லை. ஒருத்தர் லண்டன் நேரத்தில் இருந்தார், ஒருத்தர் டோக்கியோ நேரத்தில். இலையில் பாயசம் விழும்போது திலீபன் தலை மெல்லச் சாய்ந்தது. பந்தி மொத்தமும் அவனையே பார்த்தது.

"பாத்தீங்களா," என்றாள் தாரணி, முகம் கொள்ளாத பெருமையோடு. "என்ற தம்பிக்குத் தூக்கம் வருது!"

குனிந்து அவன் தோளைத் தட்டினாள். அவன் எழுந்தான்.