குமிழி விடாத தண்ணீர்

தண்ணீரில் ஒரு குமிழிகூட வரவில்லை.

அம்சவேணி கம்பிகளை மறுபடி இறுக்கினாள். கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர். அதற்குள் கவிழ்த்து வைத்த இரண்டு சோதனைக் குழாய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பென்சில் கரி. பேட்டரியை இணைத்தால் தண்ணீர் பிரிந்து, ஒரு குழாயில் ஹைட்ரஜனும் மற்றதில் ஆக்சிஜனும் சேர வேண்டும்.

பக்கத்து மேசை லிங்கசாமி தன் எரிமலை மாதிரியைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தான்.

"என்ன வேணி, உன் ஹைட்ரஜன் இன்னைக்கு லீவா?"

மலை மேல் இருக்கும் கட்டபெட்டுப் பள்ளியில் அன்று அறிவியல் கண்காட்சி. ஊட்டியில் நடக்கும் பெரிய கண்காட்சிக்கு ஒரே ஒரு மாதிரிதான் போகும். நடுவர் அம்மா முதல் மேசைக்கு வந்துவிட்டார். அம்சவேணியுடையது ஏழாவது மேசை.

"டீச்சர், கோயம்புத்தூர்ல மாமா வீட்டுல செஞ்சப்ப நல்லா வந்துச்சுங்க. அதே பேட்டரி, அதே கம்பிதானுங்க."

"பதறாத. முதல்ல கையைக் கழுவிட்டு வா. எல்லாம் கரி" என்றார் பங்கஜம் டீச்சர்.

குழாயடியில் சோப்பைத் தொட்டதுதான் தாமதம், நுரை பொங்கியது. மாமா வீட்டில் தேய் தேய் என்று தேய்த்தாலும் நுரை வராது. அங்கே ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர்.

அம்சவேணியின் கை அப்படியே நின்றது.

தண்ணீர்தான் வேறு! உப்புகள் கரைந்திருந்தால்தான் தண்ணீரில் மின்சாரம் நன்றாக ஓடும். மலை ஊற்றுத் தண்ணீரில் உப்பு ஏது?

சாப்பாட்டு உப்பைப் போட்டால் மூக்கை எரிக்கும் வாயு வந்துவிடும். வேறென்ன போடலாம்? வாசலில் இருந்த மூக்கம்மாவின் கடையிலிருந்து பஜ்ஜி வாசனை வந்தது. பஜ்ஜி மாவில் போடும் சோடாவும் ஒரு வகை உப்புதானே! ஓடினாள்.

"மூக்கம்மா அக்கா, ஒரு கரண்டி ஆப்ப சோடா குடுங்க!"

"ஏங் கண்ணு, வயிறு சரியில்லையா?"

"எனக்கில்லீங்க அக்கா, தண்ணிக்கு!"

மூக்கம்மா திகைத்துப்போய்ப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

அம்சவேணி சோடாவைக் கரைத்து, குழாய்களை அந்தத் தண்ணீரால் நிரப்பிக் கவிழ்த்தாள். பேட்டரியை இணைத்தாள்.

கரியின் மேல் பொடிப்பொடியாய்க் குமிழிகள்! பிறகு கூட்டம் கூட்டமாய்! ஒரு குழாயில் சேர்ந்ததைப் போல இரண்டு மடங்கு மற்றதில். அதுதான் ஹைட்ரஜன்.

நடுவர் வந்தபோது அந்தக் குழாய் நிறைந்திருந்தது.

"இது எரிஞ்சா என்ன ஆகும்?"

"மறுபடி தண்ணியாயிரும் மேடம். கரும்புகையே வராதுங்க. இதுல வண்டிகூட ஓட்டலாம்."

டீச்சர் குழாயைக் கவிழ்த்தபடியே தூக்கி, அதன் வாயருகே எரியும் தீக்குச்சியைக் காட்டினார்.

"டொப்!"

நடுவர் ஓரடி பின்னால் துள்ளினார். லிங்கசாமி விசில் அடித்தான். பிள்ளைகள் ஏழாவது மேசையை மொய்த்துக்கொண்டார்கள்.

நடுவர் சிரித்தபடி தாளில் அம்சவேணியின் பெயரை எழுதி, பக்கத்தில் 'ஊட்டி' என்று குறித்தார். பிறகு பேனாவை மூடிவிட்டுக் குனிந்தார்.

"சரி, இன்னொரு தடவை வெடிக்க வை, பார்க்கலாம்!"