சவ ரயிலில் ஒரு பொய்!

டெலிபோன் அலறியது.

டிரைவர் எடுத்தார்.

"இன்னிக்கு சவ வண்டிக்கு நீங்க போங்க" என்றார் ஷெட் மாஸ்டர். "வழக்கமா ஓட்டுறவருக்குக் காய்ச்சல்."

"சார்... வேற யாராவது..."

"ஏன், பொணம்னா பயமா?"

பயம்தான். எல்லாப் பிணத்துக்கும் அல்ல. ஒரே ஒரு பிணத்துக்கு!

"யாரோட பெட்டி சார்?"

"அந்த லாண்டரிக்காரர். போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு இன்னிக்குத்தான் கொடுத்தாங்க... அடடா! உங்க வண்டியில அடிபட்டவர்ல? முடியலைன்னா சொல்லுங்க."

முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்களே!

"போறேன் சார்."

ஊருக்குள் இடுகாடு நிரம்பி, புதைத்த இடத்திலேயே மறுபடி தோண்டிய காலத்தில் போட்ட லைன் அது. ஊருக்கு வெளியே பெரிய இடுகாடு. அதன் வாசலிலேயே ஒரு ஸ்டேஷன். சின்ன டீசல் எஞ்சின், உறவுக்காரர்களுக்கு ஒரு கோச், கடைசியில் சவப்பெட்டிக்கு ஒரு வேன். மற்ற நாளெல்லாம் அதே தண்டவாளத்தில் டிரைவரின் சரக்கு வண்டி.

எஞ்சின் நகர்ந்தது. டிரைவரின் முதுகு கூசியது.

கொன்றவனே தூக்கிப் போகிறானே!

போன வாரம்... பனி மூடிய காலை. வளைவு. ஃபிளாஸ்க் மூடி கீழே உருண்டது. குனிந்தார். நிமிர்ந்தபோது தண்டவாளத்தில் ஒரு வெள்ளைச் சட்டை!

பிரேக்கைப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்தது.

போலீஸ் கேட்டதும் வாய் முந்திக்கொண்டது. "மூணு தடவை ஹாரன் அடிச்சேன் சார்! ஆள் எழுந்திருக்கவே இல்ல!"

தற்கொலை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. டிரைவருக்குத்தான் அன்றிலிருந்து சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. 'உடம்புக்கு என்ன?' என்று கேட்ட மனைவி மேல் எரிந்து விழுந்தார்.

இடுகாட்டு ஸ்டேஷன் வந்தது. வேனிலிருந்து பெட்டியை இறக்கினார்கள். டிரைவர் எஞ்சினுக்குள்ளேயே ஒடுங்கிக்கொண்டார்.

"டிரைவர் சார்..."

கீழே ஒரு பெண். அழுது அழுது வீங்கிய கண்கள். லாண்டரிக்காரரின் மனைவி!

"அன்னிக்கு ஓட்டினது நீங்கதானாமே?"

டிரைவர் இறங்கினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். அவர் தானா வந்து படுத்திருந்தாரா? என் கூட வாழப் பிடிக்காமதான் செத்தார்னு என் மாமியாரே சொல்றாங்க. முந்தின ராத்திரி சாப்பிடும்போதுகூட சிரிச்சுப் பேசினாரே சார்..."



"அண்ணி, அவரை ஏன் தொந்தரவு பண்றீங்க?" கொழுந்தன் ஓடி வந்தான். அண்ணனின் கடையில் இஸ்திரி போடுகிறவன். "அவர் பாவம், மூணு தடவை நீளமா ஹாரன் அடிச்சார். லைன் பக்கத்துல, கடையில நின்ன என் காதே கிழிஞ்சுது! அண்ணன்தான் எழுந்திருக்கல."

டிரைவருக்கு மூச்சு வந்தது.

அப்பாடா! பொய்க்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது! இனி யாரும் அசைக்க முடியாது!

அடுத்த நொடியே உடம்பு சில்லிட்டது.

அடிக்காத ஹாரன் இவன் காதில் எப்படி விழுந்தது?

வாயை மூடிக்கொண்டால் வேலை பிழைக்கும். பென்ஷன் பிழைக்கும். ஆனால் இந்தப் பெண்... புருஷனைச் சாகடித்தவள் என்ற பேச்சை ஆயுசுக்கும் கேட்பாள்.

"நான் ஹாரன் அடிக்கவே இல்லம்மா."

"என்ன சார் சொல்றீங்க?"

"அடிக்கல. குனிஞ்சிருந்தேன். பயந்துபோய் பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிடும்மா... ஆனா இவர் எதைக் கேட்டார்னு எனக்குத் தெரியல!"

கொழுந்தனின் முகம் வெளுத்தது. "அது... வேற வண்டி ஹாரனா இருக்கும்..."

"காலையில அந்த லைன்ல ஒரே வண்டிதான் தம்பி!"

பேசியது, கூட்டத்தோடு நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த வழுக்கைத்தலை ஆசாமி. கர்ச்சீப்பை மடித்தார். அடையாள அட்டையை நீட்டினார்.

இன்ஸ்பெக்டர்!

"டிரைவர், உங்க வண்டி வர்றதுக்கு முன்னாடியே அவர் செத்தாச்சு. பின்மண்டையில இஸ்திரிப் பெட்டியோட முனை பதிஞ்சிருக்கு. போஸ்ட்மார்ட்டத்துல வந்திடுச்சு."

டிரைவர் எஞ்சின் படியைப் பிடித்துக்கொண்டார். "அப்போ... நான் கொல்லலையா சார்?"

"கூட்டாளின்னு நினைச்சேன்! கடை இருக்கிற தெருவுல யாருக்கும் ஹாரன் கேக்கல. வாக்குமூலத்துல உங்க ரெண்டு பேருக்கு மட்டும் கேட்டுச்சு. அதான் விலங்கு ரெண்டு ஜோடி கொண்டு வந்தேன்."

கொழுந்தன் சவப்பெட்டியைப் பார்த்தான். தோள் சரிந்தது.

"கடையை விட்டுப் போடான்னார்... கையில இஸ்திரிப் பெட்டி இருந்துச்சு... வீசிட்டேன் அண்ணி... பயத்துல தண்டவாளத்துல கொண்டுபோய்ப் போட்டேன்..."

அவள் அலறவில்லை. டிரைவர் பக்கம் திரும்பிக் கை கூப்பினாள். அவரால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

"சார், என் வேலை?" என்றார் மெதுவாக.

"பொய் வாக்குமூலம் கொடுத்தீங்களே, வேலை நிலைக்காது."

"பரவாயில்ல சார். இன்னிக்குச் சாப்பிடுவேன்."

புதைத்து முடிந்ததும் கொழுந்தன் கோச் வாசலில் முரண்டு பிடித்தான். "இந்தப் பொண வண்டியில நான் வரமாட்டேன் சார்!"

இன்ஸ்பெக்டர் அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

"ஏறுப்பா! ஒன்வே டிக்கெட் உங்க அண்ணனுக்கு மட்டும்தான்... உனக்கு கவர்மெண்ட் செலவுல ரிட்டர்ன்!"